கைசர் குரைக்காமல் இருக்க

குன்னத்துகால்
6 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு ஜீனா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவின் முட்டுவலி மட்டும் மழை முடிகிறவரை போகாது போலிருக்கிறது. அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதா? கையுறையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள்.

போனில் கேட்க வேண்டியதை இவள் ஏன் கடிதத்தில் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விளிக்கும்போது அம்மா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நீங்கள் மலை உச்சியில் இருப்பதால் அந்த உயரத்துக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல அப்பா அதில் குனிந்து கத்துகிறார். அதற்குள் உங்கள் பின்னால் வரிசையில் நிற்கிறவர் அவசரப்படுத்திவிடுகிறார். எனக்கென்று ஒரு வார்த்தையும் மிஞ்சுவதில்லை.

விஷயம் உங்கள் கைசரைப் பற்றியது. போன கிறிஸ்துமசுக்குக் கேரல் பாட்டுக்காரர்கள் வந்தபோது கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியை அவன் கிழித்தது உங்களுக்கு நினைவிருக்கும். போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போதே சபைச் செயலர் அம்மாவிடம், நாயை அடக்கி வைக்காவிட்டால் இந்த ஆண்டு உங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து, "ஒண்ணு இந்த நாயி, இல்லேன்னா கிறிஸ்துமஸ். ரெண்டும் கூட இந்த வீட்டில நடக்காது" என்றாள். நம் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தபோதும் ஆமென் சொல்கிறவரை குரைத்துக்கொண்டே இருந்தான். கண்ணை மூடி ஜெபித்தவர்கள் ஆளுக்கு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள்.

இப்போது உங்களுக்குப் பேசியிருக்கும் ஜிஜி அக்காவின் வீட்டார் கிறிஸ்துமஸ் வாரத்தில் வீடு காண வரப் போகிறார்கள். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வீட்டைப் பார்த்த பிறகுதான் நிச்சயத்துக்கு நாள் குறிப்பார்களாம். திருவனந்தபுரத்துக்காரர்கள். ஜிஜி அக்காவின் அப்பா பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் முன்னால் இவன் ஆட்டம் போட்டால் நான் எங்கே போய் ஒளிவது?

கைசர் கெட்டவன் இல்லை. அப்பா சந்தையில் வாழைக்குலை ஏலம் விளிக்கும்போது அவருடைய காலடியில் படுத்துத் தூங்குகிறவன். சந்தை முழுக்க ஆள், சத்தம், லாரி. அங்கே தூங்குகிறவன் வீட்டுக்கு நாலு பேர் வந்தால் ஏன் இப்படி ஆகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் முகாமில் ராணுவ நாய்களைப் பழக்குகிற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார் என்றீர்களே. அவரிடம் கேட்டு எழுதுவீர்களா? இல்லாவிட்டால் அம்மா இவனைக் களியக்காவிளைப் பக்கம் யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

உங்களை நினைத்து ஜெபிக்கும் தங்கை,
ஜீனா


28 அக்டோபர்

அன்பு மக்கா ஜீனா,

உன் கடிதம் ஹெலிகாப்டரில் முட்டைப் பெட்டியோடு வந்து சேர்ந்தது. ஒரு மூலை ஒட்டிக்கொண்டுவிட்டது, மற்றபடி வாசிக்க முடிந்தது. நான் சுகம். உதடு மட்டும் வெடித்திருக்கிறது. அம்மாவின் முட்டுக்கு வென்னீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

ஹவில்தாரிடம் கேட்டேன். அவர் மனிதர்களிடம் ஒரு நாளில் நாலு வார்த்தை பேசுகிற ஆள். நாய் என்றதும் டீ ஆறும்வரை பேசினார். விருந்தாள் வருகிற அன்று திடீரென்று கட்டிப் போட்டால் நாய் பயந்து இன்னும் கத்துமாம். அதனால் இப்போதே தொடங்கு. பின்னறையில் அவனுக்கென்று ஒரு சாக்கு விரித்து, தினமும் கொஞ்ச நேரம் அங்கே இருக்கப் பழக்கு. முதலில் கதவைத் திறந்து வை, பிறகு சாத்து. அந்த இடம் தண்டனை என்று அவனுக்குத் தோன்றக் கூடாது. நல்ல எலும்பு கிடைத்தால் அங்கே மட்டும் கொடு. கேரல் மேளத்தைப் போனில் மெதுவாகப் போட்டுக் காட்டி, போகப் போகச் சத்தத்தைக் கூட்டு. ஆட்கள் வருவதற்கு முன்னால் நன்றாக நடத்திக் களைப்பாக்கிவிடு. வந்தவர்கள் அவனை உற்றுப் பார்க்கவோ தலையைத் தடவவோ வேண்டாம். சாப்பிடுகிற இடத்தில் இருந்து யாரும் எதையும் தூக்கிப் போடவும் கூடாது. இன்னும் ஒன்று சொன்னார், அது நம் வீட்டுக்குச் சரிப்படாது. விட்டுவிட்டேன்.

வீடு காண வருகிற அன்று வீடு அமைதியாக இருக்க வேண்டும். நீ படித்தவள், உனக்கு நான் சொல்லித் தர வேண்டாம். அப்பாவிடமும் பதமாகச் சொல்லி வை. அவருக்கு வீடும் சந்தை, சந்தையும் சந்தை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
அகில்


குன்னத்துகால்
16 நவம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் போடச் சொல்கிறாள் அம்மா. அங்கே அது கல்லாக உறைந்திருக்கும் என்று சொன்னால் அவள் நம்பவில்லை. இங்கே எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன்.

கைசர் படித்துக்கொண்டிருக்கிறான். சாக்கு அவனுக்குப் பிடித்துவிட்டது. கதவைச் சாத்தினாலும் இப்போது அழுவதில்லை. மேளத்தை நான் போனில் மெதுவாகப் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, "அது என்ன பிள்ளே மேளம், கொசு மூளியது போல. இதாக்கும் மேளம்" என்று கொட்டத் தொடங்கினார். கொட்டக் கொட்ட ஏலமும் விளித்தார். கைசர் அவர் காலில் தாடையை வைத்துக் கொட்டாவி விட்டான். அப்பா சந்தைக்குப் போன பிறகு நான் அதே மேளத்தைப் போனில் போட்டால் மட்டும் எழுந்து நின்று வாசலைப் பார்க்கிறான்.

நீங்கள் சொன்னதை அப்பாவிடம் சொல்ல இரண்டு முறை போனேன். முதல் முறை அவர் அம்மாவிடம் பெண்ணின் அப்பாவை எப்படி விளிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் என்றா, அண்ணாச்சி என்றா? "நீங்க விளிச்சா அவிய குலையத் தூக்கித் தோளில வச்சுட்டுப் போயிருவாவ" என்றாள் அம்மா. அப்பா அதற்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் என்னவென்று கேட்டார்கள். இரண்டாவது முறை போனபோது புதுச் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போடுவதற்காகப் பாறசாலையில் எடுத்ததாம். இளநீலம். ஊசியில் நூல் கோக்க வரவில்லை என்று என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்களே போனில் சொல்லக் கூடாதா?

தங்கை
ஜீனா


3 டிசம்பர்

அன்பு ஜீனா,

சுகம். தபால் இனிக் குறையும் என்கிறார்கள், அதனால் தாமதமானால் பயப்பட வேண்டாம்.

போனில் என்னால் சொல்ல முடியாது மக்கா. பின்னால் நிற்கிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் உண்டு. அது மட்டும் காரணம் இல்லை.

அப்பாவை நான் குறைவாக நினைக்கிறேன் என்று நினைக்காதே. அவர்கள் வேறு மாதிரி ஆட்கள். ஜிஜியின் அப்பா பேசினால் பக்கத்து நாற்காலிக்குத்தான் கேட்கும். நம் அப்பா பார்த்தவுடன் தோளில் கை போடுவார், எத்தனை சென்ட் நிலம் என்று கேட்பார், அரை மணி நேரத்தில் சந்தைக் கதை முழுக்கச் சொல்லிவிடுவார். அன்றைக்கு மட்டும் அவர் பின்னறையில் கைசரோடு இருக்கட்டும். நாய்க்குத் துணை வேண்டும் என்று சொல், அவருக்கும் வருத்தம் இராது. வருகிறவர்களிடம் அப்பா வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு. கேட்பதற்கெல்லாம் நீ பதில் சொல். உன் மலையாளம் சுத்தமாக இருக்கும்.

ஜிஜி வீட்டில் நான் சிலது சொல்லி வைத்திருக்கிறேன். வந்த பிறகு விவரமாகப் பேசுகிறேன். அவர்கள் சொல்வதை நீ மறுக்காமல் இருந்தால் போதும்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அம்மாவின் முட்டு எப்படி?

அகில்


குன்னத்துகால்
30 டிசம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கு அங்கே கேக் வந்ததா? இங்கே யாருக்கும் காய்ச்சல், வலி என்று ஒன்றும் இல்லை. சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கேரல் பாட்டுக்காரர்கள் பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். அப்பா கைசரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று, எல்லோருக்கும் மேலே பாடினார். கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்து, "எலே, இந்த வருசம் அங்கி உள்ளில வேற நிக்கர் உண்டுமா?" என்று கேட்டார். செயலர்கூடச் சிரித்தார். கைசர் அவர் காலுக்கிடையில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தான். அம்மா அவனுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஜிஜி அக்காவின் அப்பா, அம்மா, பெரியம்மா, இன்னும் இரண்டு பேர். பெண் வரக் கூடாது என்பதால் ஜிஜி அக்கா வரவில்லை.

அப்பா விடியும்போதே கைசரைக் கால்வாய்க் கரை வரை நடத்திக் கொண்டுவந்தார். பிறகு குளித்து, இளநீலச் சட்டையைப் போட்டு, தலையை நனைத்து வாரிக்கொண்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார். நான் அவர் முன்னால் நின்றேன். நீங்கள் எழுதியதைச் சொல்ல முடியவில்லை. "அப்பா, ஆட்கள் கேறி வரும்போது கைசர் பயப்படுவான். செத்த நேரம் நீங்க அவனுக்க கூட இருங்க. அவன் அடங்கினதும் நான் விளிக்கேன்" என்றேன். அவர் உடனே எழுந்தார். "அது சரியாக்கும் மக்கா, நீ விளி" என்று சொல்லிப் பின்னறைக்குப் போனார். சங்கிலியில் கட்டி, சாக்கு விரித்து, எலும்பு வைத்து, கதவைச் சாத்தியது நான்.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல ஆட்கள். கைசர் இரண்டு முறை குரைத்தான். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது, "எலே சும்மா கெடலே" என்று. அவன் அடங்கிவிட்டான். ஜிஜி அக்காவின் அப்பா கதவைத் திரும்பிப் பார்த்து, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வியாபார விஷயமாக நாகர்கோவில் போயிருக்கிறார் என்று நான் மலையாளத்தில் சொன்னேன். உள்ளே பேசியது யார் என்று அவர் கேட்கவில்லை. வேலைக்காரர் என்று நினைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அப்பாவின் குரல் வரவில்லை. கைசர் மறுபடியும் குரைத்தான், யாரும் அவனை அதட்டவில்லை. குரைப்பு ஊளையாக மாறியது. கதவைப் பிராண்டினான், சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பெரியம்மா, அகில் தன் அப்பாவுக்கு வாழைக்குலை மொத்தக் கடை என்று சொன்னானே, அது பாறசாலையிலா நெய்யாற்றின்கரையிலா என்று கேட்டார்.

நீங்கள் சொல்லி வைத்திருந்தது அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை அண்ணன். இரண்டு இடத்திலும் உண்டு என்றேன். இரண்டு கடை. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில்கூட எனக்கு வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

நான் சொல்லி முடித்ததும் நாயின் சத்தம் நின்றது.

அவர்கள் வெகு நேரம் இருந்தார்கள். சாப்பிட்டார்கள், மாடி கட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், ஜெபித்துவிட்டுப் புறப்பட்டார்கள். கார் போன பிறகு நான் கதவைத் திறந்தேன். அப்பா சாக்கில் உட்கார்ந்து, கைசரின் முகத்தைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க எச்சில். ஒரு பொத்தான் பிய்ந்திருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "போயாச்சா மக்கா? நாகர்கோவிலுக்குப் போன ஆளு இனி திரும்பி வரலாமா?"

நான் ஏன் விளிக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. அம்மாதான் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஒண்ணைச் சங்கிலியில கெட்டின. மத்ததுக்குச் சங்கிலியும் வேண்டாம், ஒரு வாக்கு சொன்னாப் போரும்" என்றாள்.

ஹவில்தார் சொன்னதில் நீங்கள் விட்டுவிட்டது என்ன?

ஜீனா


25 ஜனவரி

அன்பு ஜீனா,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. பனிப்புயலில் தபால் கீழேயே கிடந்திருக்கிறது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவர்களுக்கு வீடு பிடித்திருக்கிறதாம். ஜிஜி சொன்னாள். உன்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்களாம். நீ இரண்டு என்று சொன்னதில் ஒன்றும் குழப்பம் இல்லை, நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். நாயின் சத்தம்தான் கொஞ்சம் அதிகம் என்று பெரியம்மா சொன்னாராம்.

கைசருக்கு அன்று என்ன ஆனது? எலும்பு சின்னதாக இருந்ததா? சங்கிலியை நீளமாக விட்டிருக்கலாம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா?

அப்பாவுக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

அகில்


குன்னத்துகால்
14 பிப்ரவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

கம்பளி வந்து சேர்ந்தது. இங்கே கம்பளி போர்த்துகிற குளிர் எப்போது இருந்தது? அப்பா அதை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். அம்மாவின் முட்டு தேவலை. கைசர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான்.

அப்பா வீட்டில் மெதுவாகப் பேசுகிறார். முதலில் தொண்டைக்கட்டு என்று நினைத்தேன். சந்தையில் பழையபடிதான் விளிக்கிறாராம். வாசல் கேட்டைத் திறந்ததும் குரல் இறங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் இப்போது குனிவதில்லை. சுகமா என்று கேட்டுவிட்டு என் பக்கம் நகர்த்துகிறார். நமக்கு நேரம் மிஞ்சுகிறது. ஆனால் நீங்களும் ஒன்றும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

போன வாரம் அவருடைய கண்ணாடிக்காகப் பாறசாலை போனோம். கடை வரிசையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "மக்கா, இதுல ஒனக்க அப்பனுக்க கட எதாக்கும்? காட்டித் தந்தா வழி போவும்போ கேறி இருக்கலாமில்லா" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

நிச்சயம் ஏப்ரல் பதினெட்டு, அவர்களுடைய ஆலயத்தில் என்று முடிவாகிவிட்டது உங்களுக்குத் தெரியும். நேற்று சாப்பிடும்போது யார் யார் போவது என்று அம்மா பேச்செடுத்தாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே தான் வரவில்லை என்றார். வீடு முழுக்க ஆள் வந்து போகிற நாளில் கைசரைத் தனியாக விட முடியாதாம், அவர் கூட இருந்தால்தான் அவன் அடங்குவானாம். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

"நீங்கள் இல்லாமல் நிச்சயமா?" என்று நான் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மனதில் வந்த முதல் எண்ணம், நல்லதாகப் போயிற்று என்பதுதான். அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

ஹவில்தார் சொன்னதை இன்னும் நீங்கள் எழுதவில்லை.

ஜீனா


5 மார்ச்

ஜீனா,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ விடமாட்டாய் போலிருக்கிறது. ஹவில்தார் சொன்னது இதுதான். நாய்க்கு யார் குரல் பழக்கமோ அந்த ஆளை விருந்தாளிகள் நடுவில் உட்கார வைத்து, எப்போதும்போலப் பேசச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் வழக்கம்போலக் கேட்கிறவரை நாய் பயப்படாது. அந்த ஆள் பேசாமல் இருந்தால் ஏதோ கேடு நடக்கிறது என்று நினைக்கும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய் என்றார். நம் வீட்டில் அது யார் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதவில்லை.

அப்பா தானாகவே வரவில்லை என்று சொன்னால் நாம் வற்புறுத்த வேண்டாம். நாயைப் பார்க்கவும் ஆள் வேண்டும்தானே. கல்யாணத்துக்குள் எல்லாவற்றையும் பக்குவமாகச் சொல்லிவிடலாம்.

ஏப்ரல் பத்தாம் தேதி எனக்கு விடுப்பு தொடங்குகிறது. அப்பாவுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டு எழுது.

அகில்


குன்னத்துகால்
22 மார்ச்

அப்பா சொல்ல ஜீனா எழுதுவது:

மக்கா அகிலு, அப்பன் பொன்னுதாஸ். நான் சுகமா இருக்கேன். நீ சுகமா இருக்கணும், அதாக்கும் வேண்டியது.

நிச்சயத்துக்கு நான் வரல்லன்னு நீ விசாரப்படாண்டாம். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எனக்க சத்தம் கோயிலுக்குக் கொள்ளாது. கைசருக்கு நானும் எனக்குக் கைசருமா இங்க இருந்துக்கிடுவோம். அம்மைக்குப் புதுப் புடவை எடுத்தாச்சு, ஜீனாவுக்கும் எடுத்தாச்சு. எனக்கு ஒண்ணும் வாங்காண்டாம், சட்ட இருக்கு. துவைச்சு வச்சிருக்கேன்.

ஆராவது கேட்டா வெளியூருன்னு சொல்லு. எந்த ஊருன்னு மட்டும் எனக்கும் பறஞ்சு தா. பொறவு எங்கயாவது வச்சு அவியளப் பாத்தா எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லணுமில்லா.

பனியில வெளிய இறங்காத. அப்பன்.

(அப்பா சொன்னபடியே எழுதினேன். ஜீனா.)


குன்னத்துகால்
2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

இது உங்களுக்கு அங்கே கிடைக்குமா, கீழே இறங்கிய பிறகு கிடைக்குமா என்று தெரியவில்லை. எங்கே வாசித்தாலும் உட்கார்ந்து வாசியுங்கள். உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றே இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

ஞாயிறு மதியம் ஜிஜி அக்கா என் போனில் விளித்தார். நிச்சயத்துக்கு நம் பக்கம் எத்தனை பேர் வருகிறார்கள், வேனா காரா என்று கேட்டார். நான் எண்ணிச் சொன்னேன். அவர் மறுபடியும் எண்ணிவிட்டு, இதில் அப்பா இல்லையே என்றார். வெளியூர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த ஊர் என்று நீங்கள் இன்னும் அப்பாவுக்குச் சொல்லித் தரவில்லை. எந்த ஊரைச் சொன்னாலும் அதை நான் போய் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். என்னால் அது முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கடை இல்லை, சந்தையில் ஏலம் விளிக்கிறவர் என்று சொன்னேன். இரண்டு கடை என்று சொன்னது நான்தான், அண்ணன் சொன்னதைவிட ஒன்று கூட்டிச் சொன்னேன் என்றும் சொன்னேன். கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். ஜிஜி அக்கா, தன் அம்மா அப்பா வந்த அன்று அவர் எங்கே இருந்தார் என்று கேட்டார். பின்னறையில், நாயோடு என்றேன். அந்த அறை நாய்க்கு என்றுதானே தன் அம்மா வந்து சொன்னார் என்றார்.

மறுநாள் அவருடைய அப்பா நம் அம்மாவிடம் போனில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. வேலையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். பெற்றவரை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திய வீட்டில் நாளை என் மகளை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டார். நிச்சயத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். தள்ளி வைத்ததா, நிறுத்தியதா என்று எனக்குத் தெரியாது. அகில் விடுப்பில் வந்தால் தன்னுடைய அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வரட்டும், அதன் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.

என் மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அம்மா என்னைத் திட்டவும் இல்லை, நல்லது செய்தாய் என்று சொல்லவும் இல்லை. அப்பாதான் வருத்தப்பட்டார். வாசல் கேட்டுக்கு வெளியே வைத்து என்னைக் கேட்டார்: "எதுக்குப் பிள்ளே சொன்ன? நான்தான் பழகிட்டேனே."

நீங்கள் வந்ததும் ஜிஜி அக்கா வீட்டுக்குப் போவது அப்புறம் இருக்கட்டும். அப்பாவிடம் என்ன பேசப் போகிறீர்கள் என்று வருகிற வழியில் யோசித்து வையுங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், சோறு போட்டுக் கொடுக்கிறேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜிஜி அக்கா போனை வைப்பதற்கு முன்னால் இன்னும் ஒன்று கேட்டார். அதை மேலே எழுத முடியாமல் விட்டிருந்தேன். அன்று தன் வீட்டார் எல்லோரும் நம் வீட்டில் மீன்கறியோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள், அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை அண்ணன். அம்மாவிடம் கேட்டேன். நான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன் என்று அவள் நினைத்தாளாம். அவள் கொடுத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். கைசருக்கு வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவிடம் கேட்கலாம். கேட்டால் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்.

தங்கை
ஜீனா